முதிர்ந்த மதுவும் இளமதுவும்: சென்னைத் துறையில் மடீரா

முன்னுரை

நாட்பட்ட மதுவையும் புதிய மதுவையும் நண்பர் குழுவில் சுவைத்து ஒப்பிடும் வழக்கம் தனிமனித விருப்பம் சார்ந்த பொழுதுபோக்காகவே பெரிதும் கருதப்படுகிறது. ஆயினும், மதுவின் முதிர்ச்சி எதனால் அளக்கப்பட்டது என்னும் வினா வணிகம், கடல்வழி, உழைப்பு ஆகியவற்றின் வரலாற்றோடு பிணைந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சென்னைத் துறைக்கு வந்த மடீரா மதுவை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் மரபில் முதிர்ச்சி

தமிழ்நிலத்தில் இவ்வேறுபாடு புதிதன்று. இறக்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும் கள்ளுக்குப் புதுமையே சிறப்பு. மாறாக, மூங்கிற் குழாயில் பெய்து முதிரவைத்த தேறலைச் சங்கப் பாடல்கள் போற்றுகின்றன. அதன் கடுமைக்குத் தேளின் கடுப்பையும் பாம்பின் சீற்றத்தையும் உவமை கூறுகின்றன. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் சுட்டுகிறது. அதியமான் கள்ளைப் பகிர்ந்தளித்த பண்பை ஔவையார் 235ஆம் பாடலில் நினைவுகூர்கிறார். இவற்றால் முதிர்ச்சியை நாளால் அளந்ததும், மதுவை நட்பின் அடையாளமாகக் கொண்டதும் புலனாகின்றன.

தொலைவே வயதாதல்

மடீரா, அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள போர்த்துக்கீசியத் தீவு. இந்தியா நோக்கி வந்த ஆங்கிலக் கப்பல்கள் அத்தீவின் புஞ்சால் துறையில் நின்று மதுப் பீப்பாய்களை ஏற்றின. நீண்ட பயணத்தைத் தாங்குவதற்காக, 18ஆம் நூற்றாண்டில் அம்மதுவில் பிராந்தி சேர்க்கும் வழக்கம் பரவியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னையை அடைவதற்குள் கப்பல் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தது. மாதக்கணக்கில் நீடித்த வெப்பத்தாலும் அசைவாலும் பிற மதுக்கள் கெட்டன, மடீராவோ மேன்மையுற்றது. அதன் நிறம் ஆழ்ந்து, வறுத்த கொட்டைப் பருப்பையும் காய்ச்சிய சர்க்கரையையும் ஒத்த மணம் தோன்றியது.

இந்தியா வந்து இலண்டன் திரும்பிய பீப்பாய் நிலநடுக்கோட்டை நான்கு முறை கடந்ததாகும். ‘கிழக்கிந்திய மடீரா’ எனப்பட்ட அம்மது, தீவிலிருந்து நேரே இலண்டன் சென்றதைவிட உயர்வாக மதிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் பிழிந்த இரு பீப்பாய்களில் கடல்வழி சுற்றியது முதிர்ந்ததாகவும், நேரே சென்றது இளையதாகவும் சுவைத்தன. அதாவது, இங்கு முதிர்ச்சியை அளந்தது ஆண்டு அன்று, தொலைவே. மடீராவின் இயல்பை உற்பத்தியாளர், வணிகர், அருந்துவோர் ஆகிய மூவரின் தொடர்ந்த கருத்துப் பரிமாற்றமே உருவாக்கியது என்பது டேவிட் ஹான்காக் தம் 2009ஆம் ஆண்டு நூலில் நிறுவும் கருத்தாகும். அவ்வட்டத்துள் நான்காம் தரப்பு ஒன்றையும் சேர்த்தல் வேண்டும்.

கரையிறக்கிய கைகள்

அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டன. அவற்றுக்கும் கரைக்கும் இடையே கொந்தளித்த அலைகளை மசூலாப் படகுகளே கடந்தன. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து அமைத்த அப்படகுகள் அலையின் தாக்குதலுக்கு நெகிழ்ந்து கொடுத்தன. மடீராவின் பெரும் பீப்பாய் ஏறத்தாழ 418 லிட்டர் கொண்டது. மரத்தையும் சேர்த்தால் அரை டன் எடை. அதனை ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகிற்கு மாற்றி, உடையாமல் மணலில் சேர்ப்பது கடற்கரை மக்களின் தனித்திறன். இவர்களுள் ஒரு பகுதியினர் வாழ்ந்த இராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பியதும் படகோட்டும் சமூகத்தாரே.

பல்லாயிரம் கடல்மைல் கடந்து முதிர்ந்த மதுவின் மதிப்பு, கரைக்கு முன்பான இறுதித் தொலைவில் இவர்கள் கைகளைச் சார்ந்திருந்தது. எனினும், சுவை பற்றிய குறிப்புகள் கோட்டை விருந்துகளிலும் படைப்பிரிவு உணவு மன்றங்களிலும் அமர்ந்து அருந்தியவர்களின் நோக்கிலேயே அமைந்தன.

வழக்கின் மறைவு

கடல்வழி தந்த முதிர்ச்சியைச் செயற்கை வெப்பத்தால் பெறும் சூட்டறை முறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடீராவில் தோன்றியது. 1850களில் சாம்பல் நோயும் 1870களில் வேர்ப்பூச்சியும் அத்தீவின் கொடிகளை அழித்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் இந்தியக் கப்பல்வழி மடீராவை விட்டு விலகியது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகம் 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. கப்பல்கள் துறைமுகத்தினுள் வரத் தொடங்கியதும் மசூலாப் படகுகளின் தேவை குறைந்தது. இவ்வாறு, மதுவை முதிரச்செய்த பயணமும் அதைக் கரைசேர்த்த தொழிலும் ஒரே நூற்றாண்டில் நலிந்தன.

முடிவுரை

சங்ககாலத் தேறல் நாளால் முதிர்ந்தது. சென்னை கண்ட மடீரா வழியால் முதிர்ந்தது. இரு கோப்பைகளை ஒப்பிட்டவர்கள் உணர்ந்த வேறுபாடு திராட்சையில் மட்டும் தோன்றியதன்று. வெப்பம், கடல், உழைப்பு ஆகியவை சேர்ந்து அதனை உருவாக்கின. ஆகவே, வடசென்னைக் கடற்கரையின் படகுத்தொழில் வரலாறு உலக மது வணிக வரலாற்றின் விளிம்பில் அன்று, அதன் உள்ளேயே வைத்து எழுதப்பட வேண்டியதாகும்.