பூர்வகுடி மக்களிடையே மருத்துவ ஆய்வு: அறநெறி வரலாறு (கிள்ளான் பள்ளத்தாக்கு)

பூர்வகுடி மக்களிடையே மருத்துவ ஆய்வு செய்வோர் யாரிடம் இசைவு கேட்க வேண்டும், எடுத்த இரத்தமும் திரட்டிய தகவலும் யாருக்கு உரியவை, ஆய்வின் பயன் யாரைச் சேர வேண்டும் என்னும் கேள்விகளும் அவற்றையொட்டி எழுந்த விதிகளும் இத்துறையில் அடங்கும். மலேசியாவில் இதன் வரலாறு பெரும்பாலும் கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நிகழ்ந்தது. நாட்டின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. பூர்வகுடிகளுக்கென்றே எழுந்த மருத்துவமனை நகரின் வடக்கே கோம்பாக்கில் உள்ளது. மக்களின் பெயரால் அவர்களுடைய காப்பாளர் சொல்லிவந்த 'சரி'யை, மக்களே சொல்லும் நிலைக்கு நகர்ந்துவரும் நீண்ட பயணமே இவ்வரலாறு. அப்பயணம் இன்னும் முடியவில்லை.

மக்கள்

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகள் ஓராங் அஸ்லி எனப்படுவர். ஏறத்தாழ 2 இலட்சம் பேர் கொண்ட இவர்களைச் செமாங், செனோய், ஆதி மலாய் என்னும் 3 பெரும்பிரிவுகளிலும் 18 இனக்குழுக்களிலும் அரசு வகைப்படுத்துகிறது. சிலாங்கூரில் தெமுவான் மக்கள் கோம்பாக், டிங்கில் முதலிய இடங்களிலும், மா மெரி மக்கள் கேரித் தீவிலும் வாழ்கின்றனர். தெமுவான் மொழி மலாய்க்கு நெருங்கியது. மா மெரி மொழியோ ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இசைவுப் படிவத்தை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அரிசிச் சோதனை

இப்பகுதியில் மனிதர்மீது நடந்த ஆய்வுகளில் உலகப் புகழ் பெற்றது பூர்வகுடிகளைப் பற்றியதன்று. ஆயினும் பின்னால் வந்தவற்றைப் புரிந்துகொள்ள அதிலிருந்தே தொடங்க வேண்டும். மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பெரிபெரி நோய், தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரையே பெரிதும் தாக்கியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அரிதாகவே தொட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து, நோய்க்குக் காரணம் அரிசியே என்று வாதிட்டார். அதைச் சோதித்தவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு விடுதிக்குச் சென்று வெள்ளையரிசியே உண்டனர். இரட்டைப்படையினர் எதிர் விடுதியில் புழுங்கல் அரிசி உண்டனர். ஓராண்டில் வெள்ளையரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மறுபுறம் நோய் கண்டவர் இருவரே. அவர்களும் நோய்க்குறிகளோடு சேர்க்கப்பட்டவர்கள்.

இந்தச் சான்றும், அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் இருவரும் ஜாவானியத் தொழிலாளரிடையே செய்த ஆய்வும் பின்னர் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. ஆனால் காப்பகத்தில் இருந்தவர்கள் மறுத்துச் சொல்லும் நிலையில் இல்லை. அவர்களைக் கேட்கும் வழக்கமும் அன்று இல்லை. அவர்கள்மீது அதிகாரம் உடையவர் சம்மதித்தால் போதும் என்பதே காலனிய மருத்துவத்தின் நடைமுறை. ஆய்வின் பயன் எவ்வளவு பெரியதாயினும் அந்த 18 பேரின் கணக்கை அது நேர் செய்துவிடாது.

கோம்பாக்

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளருக்கு எதிரான மலாயா அவசரகாலத்தில் (1948–1960) காட்டுக்குள் இருந்த ஓராங் அஸ்லியின் ஆதரவு யாருக்கு என்பது போர்க் கேள்வியாயிற்று. அவர்களுக்கென அரசுத் துறை வலுப்பெற்றது. 1954இல் வந்த பூர்வகுடி மக்கள் சட்டம் அவர்களுடைய நிர்வாகத்தையும் நலனையும் ஆணையர் ஒருவரின் பொறுப்பில் வைத்தது. ஊர்த்தலைவரான பாத்தினை மக்களே தேர்ந்தாலும் அமைச்சரின் உறுதிப்பாடு வேண்டும்; அமைச்சர் அவரை நீக்கவும் முடியும். ஊரின் இசைவைப் பாத்தினிடம் பெற்றோம் என்று ஓர் ஆய்வாளர் எழுதும்போது இந்த விதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1950களின் பிற்பகுதியில் மருத்துவர் மால்கம் போல்டன் கோம்பாக்கில் மருத்துவமனையை உருவாக்கினார். நோயாளியுடன் குடும்பமே வந்து தங்கலாம். ஓராங் அஸ்லி இளைஞர்களே பயிற்சி பெற்று மருத்துவப் பணியாளர் ஆயினர். மக்களின் பழக்கத்துக்கு மருத்துவமனை இணங்கிய அரிய முயற்சி அது. அதே வேளையில், மருந்து கொடுப்பதும் ஆய்வாளருக்கு வழிவிடுவதும் ஒரே துறையின் கையில் இருந்தன.

இரத்தமும் மாதிரிகளும்

1953இல் ஐவன் போலுனின் பூர்வகுடிகளின் நோய்களைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். 1960களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹூப்பர் அறக்கட்டளை கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இயங்கியது. அங்கு லீ இன்ஜோ லுவான் எங் பூர்வகுடிகளின் இரத்தப் புரதங்களையும், மலேரியாவுக்கு எதிராகக் காப்பளிக்கும் முட்டை வடிவச் சிவப்பணுக்களையும் ஆராய்ந்தார். ஃபிரெடரிக் டன் அவர்களிடையே குடற்புழுக்களை ஆராய்ந்தார். 2009இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆசிய மரபணு வரைபடத்தில் தெமுவான், ஜஹாய், கென்சியு மக்களின் மாதிரிகளும் இடம்பெற்றன.

இவ்வறிவு மதிப்பு மிக்கது. எனினும் இரத்தம் ஒருமுறை எடுக்கப்பட்டால் ஆண்டுக்கணக்கில் உறைபெட்டியில் இருக்கும். ஒரு கேள்விக்காகக் கொடுத்ததை வேறு கேள்விக்குப் பயன்படுத்த முடியும். அமெரிக்காவின் ஹவசுபாய் மக்கள் 1990களில் நீரிழிவு ஆய்வுக்கென இரத்தம் கொடுத்தனர். அது மனச்சிதைவு, இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் போனதை அறிந்து வழக்குத் தொடுத்தனர். 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 இலட்சம் டாலர் வழங்கியதோடு இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

விதிகளின் வருகை

1947இன் நியூரம்பர்க் நெறிகளும் 1964இன் ஹெல்சிங்கி அறிக்கையும் தனிமனித இசைவை நிலைநாட்டின. மலேசியாவில் நன்மருத்துவ ஆய்வு வழிகாட்டி 1999இலும், சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு அறநெறிக் குழு 2002இலும் வந்தன. ஓராங் அஸ்லி ஊர்களில் ஆய்வு செய்வோர் அவர்களுக்கான துறையான ஜாக்கோவாவின் அனுமதியையும் பெற வேண்டும்.

அதே 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் சாகோங் தாசி வழக்கில் தீர்ப்பளித்தது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலமிழந்த டிங்கில் தெமுவான் மக்களுக்கு அரசு நம்பிக்கைப் பொறுப்பாளராக நடந்திருக்க வேண்டும் என்றது. வழக்கு நிலத்தைப் பற்றியது. ஆயினும் காப்பாளருக்கு அதிகாரத்தோடு கடமையும் உண்டு என்ற அதன் சாரம் உடலுக்கும் பொருந்தும்.

2007இல் ஐ.நா. பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு மலேசியா ஆதரவாக வாக்களித்தது. பூர்வகுடிகளின் மரபறிவும் மரபணு வளமும் அவர்களுக்கே உரியவை என்பதை அப்பிரகடனம் ஏற்கிறது. உயிரியல் வளங்களை அணுகுதல், பயன்பகிர்வு பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூலிகையறிவைப் பயன்படுத்துவோர் சமூகத்தின் முன்னிசைவைப் பெறவும் பயனைப் பகிரவும் வேண்டும் என்கிறது.

காப்பாளரின் கையொப்பம்

விதி எழுதப்பட்டபின்னும் பழைய நடைமுறை திரும்பி வரும் என்பதற்கு இந்தியாவில் ஒரு சான்று உண்டு. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் சுமார் 14,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காகப் போடப்பட்டது. அவர்களில் பழங்குடிச் சிறுமிகள் பலர். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் படிவங்களில் கையொப்பமிட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. அச்சிறுமிகளில் சிலர் இறந்ததற்குத் தடுப்பூசி காரணமில்லை என விசாரணை கூறியது. ஆனால் இசைவு பெற்ற முறையை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது.

இன்றைய நிலை

சுபாங் ஜெயாவில் இயங்கும் ஓராங் அஸ்லி நல மையமும் அதை 1989இல் தொடங்கிய காலின் நிக்கலஸும் இக்கேள்விகளைத் தொடர்ந்து எழுப்பிவருகின்றனர். ஓராங் அஸ்லியின் நோய்களையும் மரபணுக்களையும் பற்றி அடேலா பேர் எழுதிய நூலை இம்மையம் 1999இல் வெளியிட்டது. அவரும் நிக்கலஸும் இணைந்து 2007இல் எழுதிய கட்டுரை, தந்தைமை மனப்பான்மையும் உரிமை மறுப்புமே இம்மக்களின் நலக்குறைவுக்கு வேர் என்றது.

நல்ல ஆய்வுக்கான தேவைகள் இன்று தெளிவாக உள்ளன: தாய்மொழியில் வாய்மொழி விளக்கம், பாத்தினோடு ஊர்க்கூட்டத்தின் இசைவு, அதன்பின் ஒவ்வொருவரின் இசைவு, மாதிரிகளின் பயன்பாட்டுக்கு எல்லை, முடிவை ஊருக்குத் திரும்பச் சொல்லுதல். ஆனால் ஊருக்கு வருகிற மருத்துவரும் அனுமதி தருகிற துறையும் ஒரே அரசின் முகங்களாய் இருக்கும்வரை 'வேண்டாம்' என்று சொல்வது எளிதன்று. கேரித் தீவின் ஒரு மா மெரித் தாய் இரத்தம் கொடுக்க மறுக்கலாம். மறுநாள் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதே அக்கறையோடு மருந்து கிடைக்க வேண்டும். அந்த உறுதி அவளுக்கு இருக்கும் நாளில்தான் அவள் இடும் கையொப்பம் அவளுடையதாகும்.