குடிநீரும் ஈரலும்

ஆவரசு பூத்திருக்கும் ஊரிற் சாவுக்கு இடமில்லை என்னும் கருத்துடைய பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர் நாம். பரிகாரியாரின் குடிநீரும் பாட்டியின் கசாயமும் நம் மக்களின் வாழ்வோடு ஒன்றியவை. அவற்றை ஐயுறுவது முன்னோரை இகழ்வதாகுமா? விடை காண, முதலில் யமேக்காத் தீவின் வரலாற்றை நோக்குவோம்.

கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழும் அத்தீவில், காட்டுச் செடிகளைக் காய்ச்சிய ‘புஷ் டீ’ ஏழைகளின் மருந்தாயிற்று. அங்கே குழந்தைகள் பலர் ஈரல் பருத்து, வயிறு வீங்கி நலிந்தனர், சிலர் மாண்டனர். ஈரலின் நுண்ணிய நாளங்கள் அடைபடுவதே அந்நோய் என 1954 இல் பிராஸ், ஜெலிஃப், ஸ்டூவர்ட் ஆகிய மருத்துவர்கள் விளக்கினர். கிலுகிலுப்பை இனச் செடிகளைச் சேர்த்துக் காய்ச்சிய பானத்தின் மீது குற்றம் சார்ந்தது. அச்செடிகளிலுள்ள பைரோலிசிடின் அல்கலோயிட்டுகளை ஈரல் சிதைக்க முயலுகையிலேயே அவை நஞ்சாக மாறி, உயிரணுவின் மரபுப்பொருளைத் தாக்குகின்றன. அவ்வகைப் பொருள்கள் சில எலிகளிற் புற்றுநோயை உண்டாக்கியமையும் பின்னர் நிறுவப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். பேராதனையில் அர்சகுலரத்ன, குணதிலக, பானபொக்க ஆகியோர் 50 மூலிகைகளைச் சோதித்து 1981 இல் முடிவுகளை வெளியிட்டனர். கிலுகிலுப்பை இனச் செடி ஒன்று, குடசப்பாலை, ஆவரசு ஆகிய மூன்றில் அந்த அல்கலோயிட்டுகள் உள்ளனவென்றும், அவற்றை உண்ட எலிகளின் ஈரல் பழுதுற்றதென்றும் அறிவித்தனர். ஆசிய, ஆபிரிக்க நாடுகளில் மிகுந்து காணப்படும் ஈரல் நோய்க்கும் ஈரற் புற்றுநோய்க்கும் இத்தகைய மூலிகைகளும் ஒரு காரணமாகலாம் என்றும் கருதினர்.

இது கருதுகோளே, தீர்ப்பன்று. மஞ்சட்காமாலை பி வைரசும், பூஞ்சணம் பிடித்த தானியத்தின் நஞ்சும் ஈரற் புற்றுநோய்க்குக் காரணங்களென ஐயமற நிறுவப்பட்டவை. குடிநீரின் பங்கு மனிதரில் அவ்வாறு நிறுவப்படவில்லை.

எனினும், ‘தலைமுறைகளாகக் குடிக்கிறோம், தீங்கு கண்டிலோம்’ என்னும் வாதம் போதுமானதன்று. குடித்த அன்றே கொல்லும் நஞ்சை அனுபவம் கண்டுகொள்ளும். சிறுகச் சிறுகச் சேர்ந்து, பல ஆண்டுகளின் பின் புற்றாக வெளிப்படுவதை எந்தப் பாட்டியால் அறிய இயலும்? அது முன்னோரின் அறியாமையன்று. அனுபவ அறிவின் எல்லை.

பழைமை யாவும் அமுதம் என்போரும், யாவும் மூடத்தனம் என்போரும் ஆராயும் உழைப்பைத் தட்டிக்கழிப்பவர்களே. அதன் விலையைச் செலுத்துபவன், வேறு மருந்துக்கு வழியின்றிக் குடிநீரை நம்பியிருக்கும் ஏழை. மூலிகை ஒவ்வொன்றையும் சோதித்து, முடிவை அவனுக்கு விளங்கும் மொழியிற் கூறுதல் அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுதல் நம் கடமை.