'பேங்க்' என்னும் ஆங்கிலச் சொல்: ஒரு வேரும் பல வழிகளும்

1. முன்னுரை

பலபொருள் ஒருசொல்லுக்கும் ஒப்புருச் சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் மொழியியல் பாடநூல்கள் பல, ஆங்கிலத்தின் 'பேங்க்' என்னும் சொல்லைச் சான்றாகக் காட்டுகின்றன. ஆற்றங்கரையைக் குறிக்கும் 'பேங்க்' வேறு, பணம் காக்கும் நிறுவனத்தைக் குறிக்கும் 'பேங்க்' வேறு. இரண்டும் வடிவால் மட்டுமே ஒன்றுபட்டவை, பிறப்பால் தொடர்பற்றவை என்பது அவற்றில் பயிலும் விளக்கம். இதற்கு மாறாக, பண்டை நாளில் நாணயம் மாற்றுவோர் ஆற்றங்கரையில் அமர்ந்து தொழில் செய்தமையால் கரையின் பெயரே கடைக்கும் ஆயிற்று என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளும் வரலாற்றோடு முழுமையாகப் பொருந்துவன அல்ல. அவ்வரலாற்றைத் தொகுத்துக் காட்டி, அதனால் அகராதித் தொகுப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் பெறும் பயனைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வேரும் கிளைகளும்

செருமானிய மொழிக் குடும்பத்தில் மேடு, திட்டு, இருக்கைப் பலகை ஆகிய பொருள்களைத் தரும் சொற்கள் ஓரினத்தவை எனச் சொற்பிறப்பியலார் கொள்வர். தரையினின்று உயர்ந்து நீண்டு கிடத்தல் என்பது இவற்றுக்குப் பொதுவான கருத்து. இவ்வேரிலிருந்து ஆங்கிலத்தை அடைந்த வழிகள் நான்கு.

முதலாவது, பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிவந்த வடிவம். இது இன்றைய 'பெஞ்ச்' ஆயிற்று. இரண்டாவது, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழிவழி வந்தது எனக் கருதப்படும் வடிவம். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் காணப்படும் இவ்வடிவம் மேட்டையும் சரிவையும் குறித்துப் பின்னர் ஆற்றங்கரையையும் குறித்தது. மூன்றாவது, பழைய பிரெஞ்சின் வழி வந்து, படகில் துடுப்பு வலிப்போரின் இருக்கையைக் குறித்தது. அடுக்காக அமைந்த பொருள்களின் வரிசையைச் சுட்டும் இன்றைய வழக்கு இதனைச் சார்ந்தது. நான்காவது வழி நெடியது. செருமானியச் சொல் இத்தாலிக்குச் சென்று, நாணயம் மாற்றுவோரின் பலகையைக் குறித்து, அப்பலகையின்மேல் நடந்த தொழிலுக்கும் ஆகுபெயராயிற்று. அது பிரெஞ்சின் வழியாகவும் நேரடியாகவும் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்தது. 1694இல் இங்கிலாந்து வங்கி நிறுவப்பட்டபோது இப்பொருள் நன்கு வேரூன்றியிருந்தது.

எனவே கரையும் பணநிலையமும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தவை அல்ல. எனினும் ஒரு மூதாதையின் வழிவந்த தொலைவான உறவுகள்.

3. பொருள் விரிவு

கிளைகள் ஒவ்வொன்றும் பின்னர் மேலும் விரிந்தன. நெருப்பைச் சாம்பலால் மூடி மேடாக்குதல், வானூர்தி பக்கவாட்டில் சாய்தல், மேகம் திரண்டு நிற்றல் ஆகியவை சரிவுப் பொருளின் விரிவுகள். ஒன்றை நம்பியிருத்தல் என்னும் வினைப்பொருள் பணநிலையத்தைச் சார்ந்தது. 1937இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் பெர்னார்டு ஃபான்டஸ் சேமித்த குருதியைப் பேணும் நிலையத்துக்கு இப்பெயரை இட்டதும் சேமிப்பு என்னும் கருத்துப் பற்றியே. நொடித்துப்போதலைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்' என்பது 'உடைந்த பலகை' எனப் பொருள்படும் இத்தாலியத் தொடரின் வழிவந்தது. விருந்தைக் குறிக்கும் 'பேங்க்வெட்' சிறுபலகை என்னும் பொருளுடைய சொல்லின் வழிவந்தது.

4. தமிழில் இவ்வேர்

இவ்வேர் தமிழுக்கும் வெவ்வேறு வழிகளில் வந்துள்ளது. இலங்கைத் தமிழில் இருக்கைப் பலகையைக் குறிக்கும் 'வாங்கு' போர்ச்சுக்கீசியச் சொல்லின் திரிபு. அதே பொருளில் தமிழகத்தில் வழங்கும் 'பெஞ்சு' ஆங்கிலத்தின் வழி வந்தது. 'பேங்கு' என்னும் பேச்சு வடிவமும் 'வங்கி' என்னும் எழுத்து வடிவமும் பணநிலையத்துக்கு உரியன. வாங்கில் அமர்ந்து வங்கிக் கணக்கைப் பார்ப்பவர் ஒரே வேரின் இரு கிளைகளை ஆள்கிறார் எனலாம். ஆனால், தோளில் அணியும் 'வங்கி' என்னும் அணிகலனுக்கும் பணநிலையத்துக்கும் பிறப்பால் உறவில்லை. உண்மையான ஒப்புருச் சொற்களுக்குத் தமிழ் மாணவர் இதனையே சான்றாகக் கொள்ளலாம்.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு

தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லைப் பகுத்தபோது பிறப்பை அளவுகோலாகக் கொள்ளவில்லை. உடன்வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளியப்படும் என்றார். மொழிபெயர்ப்பாளர்க்கு இதுவே ஏற்ற நெறி. 'பேங்க்' என்பதைக் கரை, வங்கி, வரிசை, திரள், சாய்வு என இடத்துக்கேற்பப் பெயர்த்தல் வேண்டும். எல்லா இடத்தும் 'வங்கி' என எழுதினால் ஆறும் வானூர்தியும் பணநிலையத்துள் புகுந்துவிடும். நீதிமன்றத்தின் 'பெஞ்ச்' தமிழில் 'அமர்வு' ஆகியிருப்பது, பலகையை விடுத்து அதன் பயனை மொழிபெயர்த்தமைக்கு நல்ல சான்று.

6. முடிவுரை

இன்றைய பயன்பாட்டை நோக்கும் அகராதி கரையையும் வங்கியையும் தனித்தனித் தலைச்சொற்களாகத் தருவதில் தவறில்லை. அப்பிரிப்பையே பிறப்பு வேறுபாட்டுக்குச் சான்றாகக் கொள்வதுதான் தவறு. பொருளைப் பிரிப்பது வழக்கு. உறவைக் காட்டுவது வரலாறு. இருமொழி அகராதி செய்வோர் முன்னதைத் தலைச்சொல் அமைப்பிலும் பின்னதைச் சொற்பிறப்புக் குறிப்பிலும் வைத்தல் வேண்டும். பாடநூல் எழுதுவோரும் 'தொடர்பற்றவை' என்பதற்கு மாற்றாக 'இன்றைய பேசுநர் தொடர்பு உணராதவை' என எழுதுவரேல் அப்பழைய சான்று பிழையின்றிப் பயன்படும்.