விலக்கும் வேலியும்

கல்லங்குறிச்சியைச் சூழ்ந்த நிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கும் சுரங்கங்கள் உள்ளன. இத்தகைய சுரங்கங்களின் ஓரத்தில் ‘உட்செல்லத் தடை’ என்னும் பலகை நிற்பதுண்டு. அதைப் படிப்பவர் சினங்கொள்வதில்லை. தம் உயிரைக் காக்கவே அது நிற்கிறது என்பதை அறிவார். ஆனால், வரலாற்றில் எழுந்த தடைப் பலகைகள் யாவும் இத்தகையன அல்ல.

ஆங்கில ஆட்சியினர் நூல்களைத் தடை செய்தபோது ‘புரோஸ்கிரைப்’ என்னும் சொல்லை ஆண்டனர். இலத்தீன் மூலத்தில் அதன் நேர்ப்பொருள், பலரறிய எழுதி வைத்தல் என்பதே. கி.மு. 82-இல் உரோமாபுரியைக் கைப்பற்றிய சுல்லா, தன் பகைவர்தம் பெயர்களை எழுதிப் பொதுவிடத்தில் வைத்தான். பெயர் ஏறியவரை எவரும் கொல்லலாம். கொன்றவர்க்குப் பரிசு உண்டு. மாண்டவர் உடைமை ஏலம் போகும். எழுதுதலைக் குறித்த சொல் இவ்வாறு அழித்தலைக் குறிப்பதாயிற்று.

நம் நாட்டிலும் எழுத்தின்மீது அக்கை நீண்டது. 1914-இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் ‘அல்-ஹிலால்’ இதழ், பத்திரிகைச் சட்டத்தின் நெருக்குதலால் நின்றது. 1928-இல், பாரதியார் மறைந்து 7 ஆண்டுகள் சென்றபின், பர்மா அரசைப் பின்பற்றிச் சென்னை அரசும் அவர்தம் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதனைக் கண்டித்து வாதாடினார். இன்று அப்பாடல்களை நம் பிள்ளைகள் பள்ளியில் ஓதுகின்றனர்.

இனி, நாம் நாள்தோறும் வழங்கும் ‘ஹராம்’ என்னும் சொல்லை நோக்குவோம். விலக்கப்பட்டது என்பது அதன் பொருள். அதே வேரினின்றே மக்காவின் புனித எல்லையாகிய ‘ஹரம்’ என்பதும், ஹாஜிகள் பூணும் ‘இஹ்ராம்’ என்பதும் பிறந்தன. ஹரம் எல்லைக்குள் வேட்டையாடலாகாது. தானே முளைத்த மரஞ்செடிகளை வெட்டலாகாது. இங்கே விலக்கு என்பது வேலி. உள்ளிருப்பதை அது காக்கிறது.

அவ்வேலியை இடும் உரிமை இறைவனுக்கே உரியது. இது ஹலால், இது ஹராம் என்று நாவால் பொய்யுரைப்பதை அருள்மறையின் நஹ்ல் அத்தியாயம் 116-ஆம் வசனம் கண்டிக்கிறது. ஆகவேதான் முன்னோரான இமாம்கள், தெளிவான ஆதாரமில்லாத இடத்து ‘ஹராம்’ என்னாது, ‘இதனை நான் விரும்புவதில்லை’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டனர்.

நம் இல்லங்களிலோ, பிள்ளை ஒரு புதுப் பழக்கம் கொண்டாலும், மருமகள் தன் தாய்வீட்டு வழக்கமொன்றைச் செய்தாலும், அச்சொல்லே முதலில் வந்து விழுகிறது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொல்வோம். ஆதாரம் அறியாதபோது ஆலிமிடம் கேட்டறிவோம். இமாம்களே சொல்லத் தயங்கிய சொல்லை நாம் எளிதாகச் சொல்லலாகாது.