ஸ்பானிஷ் தேர்வும் ஐந்நூறு வருடத்துப் பழைய கணக்கும்

ஸ்பானிஷ் உயர்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் நாலைந்து பேர் சனிக்கிழமை சாயங்காலங்களில் சேர்ந்து உட்கார்ந்து மாதிரித் தாள்கள் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். சமீபத்தில் ஒரு நாள் கேட்டல் பகுதியில் நான் சுத்தமாகக் கோட்டை விட்டேன். ஒலிப்பதிவில் பேசியவர் அர்ஜென்டினாக்காரர். 'நான்' என்பதற்கு நாங்கள் படித்தது 'யோ'. அவர் 'ஷோ' என்றார். 'நீ' என்பதற்குப் படித்தது 'தூ'. அவர் 'வோஸ்' என்றார். பத்துக் கேள்வியில் நாலுதான் சரி.

ஒலிப்பதிவு முடிந்ததும் பக்கத்தில் இருந்த தோழி கேட்டாள்: "இவர் பேசுறது தப்பா, இல்ல நாம படிச்சது தப்பா?"

யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோது நான் இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. ஸ்பானிஷில் நம்மைத் தடுக்கி விழ வைக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு சரித்திரச் சம்பவம் கிடக்கிறது. அந்தச் சம்பவம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் பாதியாகக் குறைகிறது. தேர்வுக்குப் படிக்காதவர்களும் கதையாகவே படிக்கலாம்.

1492: ஒரு வருடம், நாலு சம்பவம்

ஜனவரி 2, 1492. ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா, அரசி இசபெல்லாவிடமும் அரசர் ஃபெர்டினாண்டிடமும் சரணடைந்தது. மார்ச் 31-ஆம் தேதி, மதம் மாறாத யூதர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை வந்தது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி கொலம்பஸ் கப்பல் ஏறினார். ஆகஸ்ட் 18-ஆம் தேதி சலமங்கா நகரில் ஒரு புத்தகம் அச்சாகி வெளிவந்தது. அந்தோனியோ தே நெப்ரிஹா எழுதிய காஸ்டிலிய மொழி இலக்கணம் அது. அதுவரை ஐரோப்பாவில் இலக்கணம் என்றாலே பெரும்பாலும் லத்தீன் இலக்கணம்தான். வீட்டில் பேசுகிற மொழிக்கு எதற்கு இலக்கணம் என்று நினைத்த காலம்.

அரசி இசபெல்லாவுக்கும் அதே சந்தேகம் வந்ததாம். இதனால் என்ன பயன் என்று அவர் கேட்டதாகவும், பக்கத்தில் இருந்த ஆவிலா ஆயர் முந்திக்கொண்டு பதில் சொன்னதாகவும் நெப்ரிஹாவே முன்னுரையில் எழுதியிருக்கிறார். பதிலின் சாரம் இதுதான்: வெல்லப்படும் மக்கள் வென்றவரின் சட்டத்தை ஏற்க வேண்டும், சட்டத்தோடு மொழியையும் ஏற்க வேண்டும், அதற்கு இந்த நூல் உதவும்.

அந்த நூலின் ஐந்தாம் பகுதி, பிறமொழிக்காரர்கள் காஸ்டிலியன் கற்பதற்காகவே எழுதப்பட்டது. அதாவது நீங்களும் நானும் கையில் வைத்திருக்கும் கைடு புத்தகங்களின் கொள்ளுத் தாத்தா அதுதான். பிறந்ததே பேரரசின் நிழலில்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நெப்ரிஹா தெற்கே செவில் பகுதிக்காரர். அவர் இறந்த பிறகு, 1535 வாக்கில், ஹுவான் தே வால்தேஸ் என்ற அறிஞர் மொழியைப் பற்றி ஓர் உரையாடல் நூல் எழுதினார். நெப்ரிஹா ஆண்டலூசியாக்காரர், அங்கே மொழி அவ்வளவு சுத்தம் கிடையாது, அவர் சொல்வதை எப்படி நம்புவது என்கிற தொனியில் அதில் விமர்சிக்கிறார். முதல் இலக்கணம் எழுதிய மனிதருக்கே 'உன் ஸ்பானிஷ் சரியில்லை' என்று பட்டம்! அப்புறம் நாமெல்லாம் எம்மாத்திரம்?

அரபு விட்டுப்போன சொத்து

711 முதல் 1492 வரை ஸ்பெயினில் ஏதாவது ஒரு பகுதி முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. சர்க்கரைக்கு 'அஸூகார்', அரிசிக்கு 'அர்ரோஸ்', எண்ணெய்க்கு 'அஸெய்த்தே' எல்லாம் அரபு வழி வந்தவை. ஆரஞ்சுப் பழத்துக்கு 'நரான்ஹா'. இது அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போய்க் கடைசியில் ஒரு திராவிடச் சொல்லில் முடிகிறது என்று பல மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். நம் நாரத்தையை நினைத்துக்கொள்ளுங்கள், சொல் மறக்காது.

தேர்வுக்கு இதைவிட முக்கியமானது 'ஓஹலா'. 'நடந்தால் நன்றாயிருக்குமே' என்ற ஏக்கத்தைச் சொல்லும் சொல். இறைவன் நாடினால் என்ற பொருளுள்ள அரபுத் தொடரிலிருந்து வந்தது. நம்மூரில் இன்ஷா அல்லா என்று கேட்டிருப்பீர்களே, அதன் உறவுக்காரர். இந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் 'சப்ஜங்க்டிவ்' வினைதான் வர வேண்டும் என்று பயிற்சி நூல்கள் சொல்லும். அதாவது நடந்ததைச் சொல்லாமல் விருப்பம், ஐயம், கற்பனையைச் சொல்லும் வினைவடிவம். ஏன் என்று இப்போது புரிகிறதா? பிறவியிலேயே அது ஒரு 'நாடினால்'. நிச்சயமானதைச் சொல்ல அதற்கு வழியே இல்லை.

செவில் துறைமுகத்தில் ஏறிய உச்சரிப்பு

மாட்ரிட்காரர் 'ஸெட்' எழுத்தை, ஆங்கிலத்தில் 'தேங்க்ஸ்' சொல்லும்போது நாக்கு பல்லுக்கு நடுவே வருமே, அப்படிச் சொல்கிறார். மெக்ஸிகோக்காரர் வெறும் 'ஸ' என்கிறார். யாரோ ஒரு ராஜாவுக்கு நாக்குத் தெற்றும், அவரைப் பார்த்து நாடே அப்படிப் பேச ஆரம்பித்தது என்று ஒரு கதை உலவுகிறது. சுத்தப் புருடா. தெற்றுவாய் என்றால் எல்லா 'ஸ'வும் அல்லவா மாற வேண்டும்? அதே மாட்ரிட்காரர் வீடு என்பதற்கு 'காஸா' என்று தெளிவாகத்தான் சொல்கிறார்.

நடந்தது வேறு. பழைய காஸ்டிலியனில் 'ஸ' வகை ஒலிகள் பல இருந்தன. வடக்கே அவை சுருங்கி இரண்டாக நின்றன, தெற்கே பெரும்பகுதியில் ஒன்றாகக் கலந்தன. 1503-இல் அமெரிக்க வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அலுவலகம் செவில் நகரில் அமைந்தது. புது உலகத்துக்குப் போகும் கப்பலும் ஆளும் தெற்கு வழியாகவே போக வேண்டியிருந்தது. கூடவே தெற்கத்தி உச்சரிப்பும் ஏறிவிட்டது. அதனால்தான் லத்தீன் அமெரிக்காவில் சமைப்பதும் தைப்பதும் ஒரே உச்சரிப்பு, இரண்டுமே 'கோஸேர்'. எழுத்தில் மட்டும் வேறு. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகப் பேசிவிட்டு எழுதும்போது தலையைச் சொறிகிறோமே, அதே கதை.

நீ, நீங்கள், தாங்கள்

நாம் 'நீ, நீங்கள்' இரண்டுடன் வளர்ந்தவர்கள். 'தூ', 'உஸ்தேத்' வித்தியாசம் நமக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் 'உஸ்தேத்' முன்னிலையாக இருந்தும் அதற்குப் படர்க்கை வினை ஏன் வருகிறது என்பதுதான் குழப்பும். பதில், அது 'வுவேஸ்த்ரா மெர்ஸேத்' என்ற மரியாதைத் தொடரின் தேய்ந்த உருவம். 'தங்கள் சமூகம்' என்பது போல. 'சமூகம் உத்தரவிட வேண்டும்' என்று பழைய விண்ணப்பங்களில் எழுதுவார்களே, வினை படர்க்கையில்தானே வரும்? அவ்வளவுதான்.

'வோஸ்' கதை சோகமானது. ஒரு காலத்தில் அது மரியாதைச் சொல். எல்லாரும் எல்லாரையும் அப்படி அழைக்க ஆரம்பித்ததும் மவுசு குறைந்தது. ஸ்பெயினில் மறைந்தே போனது. அர்ஜென்டினா, உருகுவே, மத்திய அமெரிக்கா போன்ற இடங்களில் நெருக்கமானவர்களை அழைக்கும் சொல்லாக வாழ்கிறது. அர்ஜென்டினாப் பள்ளிகளில் வீட்டுப் பேச்சான 'வோஸ்' தவறு, 'தூ'தான் சரி என்று பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். 1982-இல்தான் அந்நாட்டு மொழிக் கழகம் அதை ஏற்றுக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் தங்கள் அம்மா பேசும் மொழி தப்பு என்று வகுப்பில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

ஒரு வினைக்கு ஏன் இரண்டு உருவம்?

உயர்நிலைத் தாளில் எல்லாரையும் படுத்துவது இறந்தகால சப்ஜங்க்டிவ். 'ஆப்லாரா' என்றும் எழுதலாம், 'ஆப்லாஸே' என்றும் எழுதலாம். இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை, வந்த வழி வேறு. 'நேசித்திருந்தான்' என்று நடந்ததைச் சொல்லும் வடிவத்திலிருந்து 'ரா' வந்தது. அதற்கு இணையான சப்ஜங்க்டிவ் வடிவத்திலிருந்து 'ஸே' வந்தது. பிற்பாடு 'ரா'வும் கற்பனைப் பக்கம் சாய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஆனால் 'ரா' தன் பழைய வாழ்க்கையை முழுதாக மறக்கவில்லை. செய்தித்தாளில் 'அதிபராக இருந்தவர்' என்று சொல்ல 'எல் கே ஃபுவேரா' என்று எழுதுவதைப் பார்ப்பீர்கள். அங்கே கற்பனை எதுவும் இல்லை, நடந்த விஷயம்தான். அதேபோல 'எனக்கு இது வேண்டும்' என்று பணிவாகக் கேட்க 'கிஸியேரா'தான் வரும், அந்த இடத்தில் 'ஸே' வடிவம் பொருந்தாது. எங்கள் குழுவில் பலர் மார்க் விடுவது இங்கேதான்.

விதி போட்டவர்களும் எதிர்த்தவர்களும்

1713-இல் மாட்ரிட்டில் அரச மொழிக் கழகம் தொடங்கியது. 1726 முதல் 1739 வரை ஆறு தொகுதிகளாக அகராதி, 1741-இல் எழுத்திலக்கணம், 1771-இல் இலக்கணம். தலைகீழ்க் கேள்விக்குறி 1754-இல் வந்தது. கேள்வி எங்கே ஆரம்பிக்கிறது என்று நீளமான வாக்கியத்தில் தெரியவில்லை என்பதே காரணம்.

இதே நூற்றாண்டில், 1770-இல், மூன்றாம் கார்லோஸ் அரசர் அமெரிக்கக் குடியேற்றங்களில் பழங்குடி மொழிகள் ஒழிந்து காஸ்டிலியன் மட்டுமே பேசப்பட வேண்டும் என்று ஆணை இட்டார். நெப்ரிஹாவின் முன்னுரையில் வரும் ஆயர் சொன்னது சட்டமாகவே ஆகிவிட்டது. நாவாட்டலும் கெச்சுவாவும் குவாரனியும் அதையும் மீறி இன்றுவரை பிழைத்திருக்கின்றன என்பது தனி வரலாறு.

பிறகு நாடுகள் விடுதலை பெற்றன. கராகஸில் 1781-இல் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்த்ரேஸ் பெயோ, 1847-இல் ஓர் இலக்கணம் வெளியிட்டார். அமெரிக்கர்களின் பயன்பாட்டுக்கு என்று தலைப்பிலேயே போட்டார். மொழி துண்டு துண்டாக உடைந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆனால் ஒற்றுமை என்பது மாட்ரிட்டுக்கு அடிபணிவது அல்ல, படித்தவர்களிடையே பரவலாக வழங்கும் அமெரிக்க வழக்குக்கும் சம உரிமை உண்டு என்றார். என் கண்ணில் இந்தக் கதையின் கதாநாயகன் இவர்தான்.

அவர் கேட்டது நடக்க ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1951-இல் மெக்ஸிகோவில் கூடிய மாநாட்டிலிருந்து மொழிக் கழகங்களின் கூட்டமைப்பு பிறந்தது. 2009-இல் வந்த புதிய இலக்கணம் எல்லாக் கழகங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்டது. விதிகளும் கல்லில் வெட்டியவை அல்ல. 'மட்டும்' என்ற பொருளுள்ள 'ஸோலோ'வுக்கு அழுத்தக்குறி வேண்டாம் என்று 2010-இல் சொன்னார்கள். எழுத்தாளர்கள் பலர் கேட்கவே இல்லை. 2023-இல், குழப்பம் வரும் என்று எழுதுபவர் கருதினால் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள்.

சரி, தேர்வு?

ஸ்பெயின் அரசின் 'டெலே' சான்றிதழ் தேர்வு 1988-இல் உருவானது. 1991-இல் தொடங்கிய செர்வாந்தெஸ் நிறுவனம் அதை நடத்துகிறது. சலமங்கா பல்கலைக்கழகமும் பல ஆண்டுகள் தாள் தயாரிப்பிலும் மதிப்பீட்டிலும் பங்கேற்றது. ஆமாம், 1492-இல் அந்தப் புத்தகம் அச்சான அதே ஊர்! ஆனால் இன்றைய உயர்நிலைத் தேர்வில் பல நாட்டு உச்சரிப்பும் வரும். நீங்களும் எந்த நாட்டுப் படித்தவர்களின் வழக்கிலும் பதில் எழுதலாம், பேசலாம். மார்க் குறையாது. ஆயரின் பதிலிலிருந்து இங்கே வர ஐந்நூறு வருடம் ஆகியிருக்கிறது.

எங்கள் குழுவில் இப்போது மூன்று வழக்கம் வைத்திருக்கிறோம். ஒன்று, வாரம் ஒரு நாட்டு வானொலி. இரண்டு, ஒரு கட்டுரைக்குள் ஒரே நாட்டு வழக்கு. 'வோஸோத்ரோஸ்' என்று ஆரம்பித்துவிட்டு நடுவில் 'உஸ்தேதெஸ்' என்று தாவக் கூடாது. மூன்று, விதிவிலக்கு எதைப் பார்த்தாலும் 'இது எப்போது வந்தது' என்று ஒரு வரி எழுதி வைப்பது. பயிற்சிக்கு இது மாற்று இல்லை, தாள் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பயம் போய்விடுகிறது.

போன சனிக்கிழமை மறுபடி ஓர் அர்ஜென்டினா ஒலிப்பதிவு. எனக்குப் பத்துக்கு ஏழு. தோழிக்கு எட்டு. "அவரும் தப்பில்ல, நாமும் தப்பில்ல. நமக்குக் கதை தெரியாம இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள்.