மருந்துக்கூர்க்கன்

துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த, வேருக்காகவே பயிரிடப்படும் செடி. சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, சேலம் மாவட்டத்தின் ஆத்தூர் பக்கத்துச் செம்மண் நிலங்களில் விளைகிறது. தண்டின் நுனியை ஒடித்து நட்டால் ஐந்தாறு மாதத்தில் வேர் திரளும். அதைத் தோண்டி, கழுவி, நறுக்கி, களத்தில் காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள்.

1970களில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் பம்பாயின் ஹோக்ஸ்ட் ஆய்வுக்கூடமும் இந்த வேரைத் தனித்தனியே ஆராய்ந்தன. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் ஒன்று கிடைத்தது. லக்னோ அதைக் கோலியோனால் என்றது, பம்பாய் ஃபோர்ஸ்கோலின் என்றது. இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. பம்பாய் வைத்த பெயரே நிலைத்தது.

அந்தப் பொருளுக்குப் பெரிய வேலை காத்திருந்தது மருத்துவமனையில் அல்ல, சுண்டெலிச் செல்லில். அட்ரினலின் செல்லின் ஏற்பியைத் தொட்டதும் உள்ளே அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதி சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை உண்டாக்குகிறது. இந்த நொதி அறவே இல்லாதது என்று கருதப்பட்ட சுண்டெலி நிணநீர்ப் புற்றுச்செல் வகை ஒன்று 1975-இல் அறிமுகமானது. அந்தக் கருத்து பிழை. 1977-இல் எலியட் ராஸும் ஆல்ஃபிரட் கில்மனும், நொதி அங்கே இருக்கிறது, ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவே நிற்கும் ஒழுங்குமுறைப் புரதம்தான் இல்லை என்று காட்டினார்கள். ஜிஎஸ் எனப் பெயர்பெற்ற அந்தப் புரதம் சேர்ந்த வகையைக் கண்டறிந்ததற்காக 1994-இல் கில்மனுக்கும் மார்ட்டின் ராட்பெல்லுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1981-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கென்னத் சீமனும் ஜான் டேலியும், ஃபோர்ஸ்கோலின் ஏற்பியைச் சாராமலே நொதியைத் தூண்டுவதைக் கண்டார்கள். ஜிஎஸ் இல்லாத சுண்டெலிச் செல்லிலும் அது வேலை செய்தது. ஆனால் ஜிஎஸ் உடனிருந்தால் விளைவு பல மடங்கு கூடியது. காரணம் 1997-இல் வெளியான படிக அமைப்பில் தெரிந்தது: நொதியின் இரு பாதிகளுக்கு இடையே உள்ள பிளவில் ஃபோர்ஸ்கோலின் அமர்கிறது, ஜிஎஸ் வேறோர் இடத்தில் பற்றுகிறது. பெருகும் சைக்ளிக் ஏஎம்பி, புரத கைனேஸ் ஏ என்ற நொதியின் ஒழுங்குமுறைத் துணையலகுகளைப் பற்றி, அவை அடக்கி வைத்திருந்த வினையூக்கத் துணையலகுகளை விடுவிக்கிறது.

ஒரு செல்லில் சமிக்ஞை எங்கே தடைபடுகிறது என்று பார்க்க இன்றும் ஃபோர்ஸ்கோலினைச் சேர்க்கிறார்கள். சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் நொதி நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கு மேலே.

சேலத்து வேருக்கு விலை வருவதோ வேறு வழியில். சாறு எடுக்கும் நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் வாங்குகின்றன. உடல் இளைக்கும் மாத்திரைகள் அதிலிருந்து வருகின்றன. அவற்றின் பலனுக்கான சான்று மிக மெலிவு.