எடையும் இடமும்: கொடைமலை ஏறிய சுமைகள்

மலைமேல் அமைந்த ஊர் தனக்கு வேண்டிய பலவற்றையும் அடிவாரத்திலிருந்து ஏற்றியே பெறவேண்டும். ஏற்றுவோர்க்குக் கூலியும் தரவேண்டும். அக்கூலியை எதனால் அளப்பது? எடையாலா, பொருள் அடைக்கும் இடத்தாலா? இவ்வினாவுக்குக் கொடைக்கானலின் வரலாறு நல்ல விளக்கமாய் அமைகின்றது.

1845 ஆம் ஆண்டில், மதுரையில் வாழ்ந்த அமெரிக்கப் பாதிரிமார், வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சிப் பழனிமலைமீது இரண்டு வீடுகளைக் கட்டினர். அன்று மலைக்கு வண்டிப்பாதை இல்லை. 1875 இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூரைத் தொட்ட பின்னரும், அங்கிருந்து மாட்டுவண்டியில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைந்து, அதற்குமேல் செங்குத்தான குறுகிய பாதையிலே ஏற வேண்டியிருந்தது. பொருள்கள் கூலியாட்களின் தலைமீது சென்றன. நடக்க இயலாதாரையும் டோலியில் வைத்து மனிதரே சுமந்தனர்.

அரிசியும் உப்பும் மிகுந்தால் இரண்டு சுமையாகப் பிரிக்கலாம். அங்கே எடையே அளவு. ஆனால், 1863 இல் ஏரியை உண்டாக்கிய லெவிஞ்சு துரை, தூத்துக்குடியிலிருந்து முதற் படகைத் தருவித்தார் என்பர். உள்ளீடற்ற படகை மூட்டைபோல் பங்கிட இயலுமோ? அத்தகைய பொருளுக்கு எடையினும் பருமனே பெருந்தடை.

கடல் வணிகரும் இச்சிக்கலைக் கண்டனர். இரும்பை ஏற்றினால், அறையில் பாதி நிரம்புமுன்னரே கப்பல் தன் எல்லைக்கோடு வரை அமிழ்ந்துவிடும். பஞ்சை ஏற்றினாலோ, கப்பல் அமிழுமுன்னரே அறை நிரம்பிவிடும். ஆதலின் 40 கன அடியை ஒரு டன்னாகக் கொண்டு, எடை, இடம் இவற்றுள் எது மிகுதியோ அதற்கே கட்டணம் பெற்றனர். இன்று கடல்வழியில் 1 கன மீட்டரை 1,000 கிலோவுக்கு ஈடாகக் கொள்வது பெருவழக்கு. வானூர்தியில் 6,000 கன சென்டிமீட்டர் 1 கிலோவுக்கு ஈடு. 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியின் கொள்ளளவு 1,20,000 கன சென்டிமீட்டர். அதனுள் 8 கிலோ பொருளே இருப்பினும், கட்டணம் 20 கிலோவுக்கு உரியது.

20 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் லா மலைப்பாதை நிறைவுற்றபின், சுமை வண்டிக்கு மாறியது, கணக்கு மாறவில்லை. உருளைக்கிழங்கு லாரியின் எடை வரம்பை எட்டும். பூக்கோசு அதன் இடத்தை முன்னரே நிரப்பிவிடும். இலேசான பொருளை விளைவிக்கும் உழவன், வெற்றிடத்துக்கும் சேர்த்தே வாடகை தருகின்றான்.

ஆயினும், எடையும் இடமும் மட்டுமே சுமையின் முழு அளவு ஆகா. ஏற்றத்தில் ஒரு கல் தொலைவு, சமவெளியில் ஒரு கல் தொலைவு அன்று. வீடு கட்டியவர் பெயர்களை வரலாறு காத்து வைத்திருக்கின்றது. அவ்வீட்டுக்குரிய பொருள்களைச் சுமந்து ஏறியவர் பெயர்களைக் காக்கவில்லை. மாணவர்கள் எந்தக் கட்டண அட்டவணையைக் கண்டாலும், அதில் எது அளக்கப்பட்டது, எது அளக்கப்படாமல் விடப்பட்டது என்னும் இரண்டையும் கேட்டறிதல் வேண்டும்.